‘அரபு நாட்டுச் சட்டம்’ கேட்பதற்கு முன்

நாட்டின் எந்த மூலையிலாவது ஒரு பெண்ணுக்கோ குழந்தைக்கோ கொடுமை நேர்ந்ததாகச் செய்தி வந்தால், அன்று மாலைக்குள் நமதூரில் தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். கொடைரோடு ரயில் நிலையத்தை ஒட்டிய தேநீர்க் கடைகளிலும், நிலக்கோட்டைப் பூச்சந்தைக்குச் செல்லும் பேருந்திலும், திராட்சைத் தோட்டத்து வரப்பிலும் ஒரே பேச்சுத்தான். “அரபு நாட்டுச் சட்டம் வரணும். நடுச்சந்தியில நிறுத்தி, எல்லாரும் பார்க்கத் தலையை எடுத்தாத்தான் அடங்குவானுங்க.” இதைச் சொல்பவர் பெரும்பாலும் முஸ்லிம் அல்லாத சகோதரராகவே இருப்பார். நம் பக்கம் திரும்பி, “உங்க மார்க்கத்துல சொன்னதுதான் பாய் சரி” என்று ஒரு பாராட்டையும் சேர்த்துவிடுவார்.

ஆண்டு முழுவதும் தம் மார்க்கத்தைப் பற்றிக் குறைகளையே கேட்டுச் சலித்த செவிகளுக்கு அந்தப் பாராட்டு இனிக்கிறது. அது மனித இயல்பு. ஆயினும், அளவற்ற அருளாளனின் பெயரைச் சொல்லியே ஒவ்வொரு செயலையும் தொடங்கும் ஒரு சமுதாயம், ஒரு வாளுக்காக மட்டும் பாராட்டப்படுவதில் மகிழலாமா என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். இதை எழுதத் தூண்டியது அந்தக் கேள்விதான்.

அந்தச் சட்டத்தின் முன் நிறுத்தப்பட்டவர்களில் ஒருத்தி நம் மொழி பேசியவள்; நம் கலிமாவைச் சொன்னவள். இலங்கையின் திருகோணமலை மாவட்டம் மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக்கை நம்மில் பலர் மறந்திருக்கலாம். இளைய தலைமுறை கேள்விப்பட்டே இராது.

ரிசானாவின் தந்தை விறகு வெட்டிப் பிழைத்தவர். வறுமையைப் போக்க மகள் 2005-ஆம் ஆண்டு மே மாதம் வீட்டுப் பணிப்பெண்ணாகச் சவூதி அரேபியாவுக்குச் சென்றாள். கடவுச்சீட்டில் அவள் பிறந்த ஆண்டு 1982 என்றிருந்தது. பிறப்புச் சான்றிதழோ 1988 பிப்ரவரி என்றது. ஆகவே அவள் வேலைக்குச் சேர்ந்தபோது வயது பதினேழு. சென்று மூன்று வாரம்கூட நிறைவடையாத நிலையில், மே 22 அன்று, அவள் பொறுப்பில் விடப்பட்டிருந்த நான்கு மாதக் குழந்தை இறந்துபோனது. புட்டிப்பால் புகட்டும்போது புரையேறி மூச்சுத் திணறியது என்றாள் ரிசானா. கழுத்தை நெரித்துக் கொன்றாள் என்றது குற்றச்சாட்டு. 

காவலில் இருந்தபோது அவள் ஒப்புதல் வாக்குமூலம் அளித்ததாகப் பதிவாயிற்று. பின்னர் அவள் அதை மறுத்தாள். வற்புறுத்திப் பெறப்பட்டது என்றாள். விசாரணையின்போதும் முதல் வழக்கின்போதும் அவளுக்கு வழக்கறிஞர் இல்லை. அவள் தமிழில் சொன்னதை அரபியில் பெயர்த்தவர் முறையாக அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளர் அல்லர் என்று மனித உரிமை அமைப்புகள் சுட்டிக்காட்டின. 2007 ஜூனில் தவாத்மி நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. மேல்முறையீடுகள் பயனளிக்கவில்லை. இலங்கை அரசுத் தலைவர் சவூதி மன்னரிடம் கருணை கோரினார். குழந்தையின் பெற்றோர் மன்னிக்க இசையவில்லை. 2013 ஜனவரி 9 அன்று தவாத்மியில் வாளால் அவள் தலை துண்டிக்கப்பட்டது. இலங்கை தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அந்த நாள்களில் ரிசானாவின் தாயார் தொலைக்காட்சியில் பேசியதை நம் வீட்டிலும் பார்த்தோம். நம் தாயார் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “அந்தம்மா பேசுறது நம்ம வீட்டுப் பேச்சு மாதிரியே இருக்குதேப்பா” என்று மட்டும் சொன்னார். அப்போது நம் தம்பி தம்மாமில் ஓட்டுநராக இருந்தார். அரபி ஒரு சொல்லும் அறியாமல் போனவர். அவர் ஓட்டும் வண்டியின் முன்னே ஒரு குழந்தை குறுக்கிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைத் தாயார் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே வீட்டில் எல்லாருக்கும் விளங்கியது.

இறந்த குழந்தையின் தாயுடைய துயரை நாம் சிறிதும் குறைத்துப் பேசவில்லை. நான்கு மாதச் சிசுவைப் பறிகொடுத்தவரிடம், நீங்கள் ஏன் மன்னிக்கவில்லை என்று கேட்கும் தகுதி நம்மில் யாருக்கும் இல்லை. நம் கேள்வி அந்தத் தாயை நோக்கியதன்று. அது தீர்ப்பளித்த முறையை நோக்கியது. பிள்ளைப் பருவம் தாண்டாத, மொழி தெரியாத, வழக்கறிஞர் இல்லாத ஒருத்தியின் மறுக்கப்பட்ட வாக்குமூலம், ஓர் உயிரை எடுக்கப் போதுமான சான்றாகுமா? பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாதென்ற ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையில் சவூதி அரேபியாவும் 1996-இல் இணைந்த நாடுதான்.

‘கிஸாஸில் உங்களுக்கு வாழ்வு உண்டு என்று குர்ஆன் சொல்லவில்லையா?’ என்று சிலர் கேட்கக்கூடும். ஆம், அல்பகரா அத்தியாயத்தில் அக்கருத்து உள்ளது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அது இறங்கிய சூழலை நினைவில் கொள்ள வேண்டும். ஒருவர் கொல்லப்பட்டால் எதிர்க் குலத்தில் பத்துப் பேரைக் கொல்வதும், அடிமைக்குப் பகரமாகச் சுதந்திரமானவரைக் கேட்பதும் அரபு நாட்டின் அன்றைய வழக்கம். பழிக்குப் பழி தலைமுறை தலைமுறையாக ஓடியது. அந்த ஓட்டத்துக்கு அணை கட்டிய சட்டம் அது: குற்றம் செய்தவரைத் தவிர வேறெவரையும் தொடாதே, அளவை மீறாதே என்று வரம்பிட்டது. அணை கட்டியதோடும் நிற்கவில்லை. அதே இடத்தில், கொலையுண்டவரின் குடும்பத்துக்கும் கொலை செய்தவருக்கும் இடையே சகோதரன் என்ற சொல்லை வைத்து, மன்னிப்பின் வாசலைத் திறந்துவிட்டு, அதனை இறைவனின் சலுகை என்றும் கருணை என்றும் குறிப்பிடுகிறது. அல்மாயிதா அத்தியாயமோ, பழி தீர்க்கும் உரிமையை விட்டுக்கொடுப்பவருக்கு அது பாவப் பரிகாரமாகும் என்கிறது.

ஃபிக்ஹு நூல்களில் ஒரு செய்தி உண்டு. திண்டுக்கல், மதுரைப் பகுதி ராவுத்தர்கள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபிலும், கடற்கரை ஊர்களில் பலரும் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபிலும், கொல்லப்பட்டவரின் வாரிசுகளில் ஒரே ஒருவர் மன்னித்துவிட்டால்கூடப் பழிக்கொலை விழுந்துவிடும். மற்றவர்கள் அத்தனை பேரும் வேண்டுமென்று நின்றாலும் நிறைவேற்ற முடியாது. இழப்பீடு மட்டுமே கோரலாம். உயிரை எடுக்க எல்லாரும் ஒன்றுபட வேண்டும். உயிரைக் காக்க ஒருவர் போதும். தராசு எந்தப் பக்கம் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

நபி (ஸல்) அவர்களிடம் பழிவாங்கும் வழக்கு எது வந்தாலும் மன்னிக்கும்படியே அவர்கள் எடுத்துரைத்தார்கள் என்ற கருத்தில் அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு அபூதாவூதில் இருக்கிறது. இயன்றவரை தண்டனைகளைத் தவிர்க்க வழி தேடுங்கள், தண்டிப்பதில் தவறுவதைவிட மன்னிப்பதில் தவறுவது மேல் என்ற கருத்து திர்மிதியில் வருகிறது. அதன் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி அறிஞர்கள் பேசியிருந்தாலும், சந்தேகம் உள்ள இடத்தில் ஹத்துத் தண்டனை விலகும் என்பதைச் சட்ட வல்லுநர்கள் கொள்கையாகவே ஏற்றனர். தாமாக வந்து குற்றத்தை ஒப்புக்கொண்ட மாஇஸ் (ரலி) அவர்களை நபியவர்கள் மீண்டும் மீண்டும் திருப்பி அனுப்பினார்கள் என்பதும் நாம் அறிந்ததே. வாக்குமூலத்தைத் தேடிப் போகாதவர்கள், வந்த வாக்குமூலத்தையும் தயங்கித் தயங்கி ஏற்றவர்கள் அவர்கள். அந்த நீதிபீடத்தின் பெயரால் மூதூர்ப் பெண்ணின் வாக்குமூலம் எப்படிப் பெறப்பட்டது என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

தவறு அரபு நாட்டில் மட்டும்தான் நிகழுமா? நம் நாட்டையே பார்ப்போம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டதற்கு அவரது வாக்குமூலமே முதன்மைச் சான்று. 2011 செப்டம்பர் 9 அவருக்குத் தூக்கு நாளாகக் குறிக்கப்பட்டிருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்ததால் அது நின்றது. அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த மத்தியப் புலனாய்வு அதிகாரியே 2013-இல் வெளிப்படையாகப் பேசினார். தாம் வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்குப் பயன்படப் போகிறதென்று தமக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்ன பகுதியைத் தாம் எழுதாமல் விட்டதாக அவர் கூறினார். 2014-இல் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. குறித்த நாளில் தூக்கு நிறைவேறியிருந்தால், அதிகாரியின் அந்தச் சொல் யாருக்குப் பயன்பட்டிருக்கும்?

நம் சமுதாயம் நன்கறிந்த இன்னொரு வழக்கு அக்ஷர்தாம். 2002 செப்டம்பரில் குஜராத்தின் காந்திநகரில் அந்தக் கோயிலுக்குள் புகுந்து அப்பாவிகளைக் கொன்றது பெருங்கொடுமை. அதில் இரண்டு கருத்து இல்லை. அதற்காகப் பிடிக்கப்பட்டவர்களில் மூவருக்குத் தூக்குத் தண்டனை கிடைத்தது. உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அம்மூவரில் ஒருவர் மார்க்க அறிஞர். 2014 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் அவர்கள் உட்பட ஆறு பேரையும் குற்றமற்றவர்கள் என விடுவித்தது. விசாரணை நடந்த விதத்தையும் கடுமையாகக் கண்டித்தது. நடுச்சந்தியில் உடனே தலையை எடுக்கும் சட்டம் இங்கே இருந்திருந்தால், அந்த ஆலிமின் ஜனாஸா எப்போதோ முடிந்திருக்கும். இந்திய நாட்டில் மரண தண்டனை பெற்றவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள் என்று டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. வாளோ கயிறோ, அதன் கீழே யார் நிற்பார் என்பதைச் சட்டப் புத்தகத்தைவிட வழக்கறிஞர் கட்டணமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

‘சரி, குற்றம் ஐயமின்றித் தெளிவானால் எல்லாரும் பார்க்க நிறைவேற்றினால் என்ன? பயம் வருமே’ என்பது அடுத்த வாதம். நம் மண் இதை ஏற்கெனவே கண்டிருக்கிறது. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மனைப் புளியமரத்தில் தூக்கிலிட்டபோது, கும்பினிப் படைத் தளபதி பானர்மேன் மற்றப் பாளையக்காரர்களையும் அங்கே வரவழைத்திருந்தான். அவர்கள் அஞ்ச வேண்டும் என்பதே நோக்கம். நடந்தது என்ன? இரண்டு ஆண்டுகளுக்குள், சிவகங்கை மருது சகோதரர்களும் நம் திண்டுக்கல் சீமையின் விருப்பாச்சி கோபால் நாயக்கரும் அடங்கிய பெருங்கூட்டணி கும்பினியை எதிர்த்து எழுந்தது. கோபால் நாயக்கரும் 1801-இல் திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார். கோபாலசமுத்திரக் குளக்கரையைக் கடக்கும்போது அவரை நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தூக்கிலிட்டவனின் பெயரைத்தான் ஊர் மறந்துவிட்டது.

கட்டபொம்மன் கொடுங்குற்றவாளி அல்லரே, இரண்டையும் ஒப்பிடலாமா என்று கேட்கலாம். குற்றத்தை நாம் ஒப்பிடவில்லை. கூட்டத்தின் மனத்தைத்தான் பார்க்கிறோம். ஊரைக் கூட்டிக் கொல்லும்போது, பார்ப்பவர் உள்ளத்தில் என்ன விளையும் என்பது கொல்பவரின் கையில் இல்லை. சிலருக்கு அச்சம், சிலருக்குக் கோபம், பலருக்கு வேடிக்கை. இங்கிலாந்து 1868-இல் பொதுத்தூக்கை நிறுத்தியது. பிரான்சு 1939-இல், கூட்டம் நடந்துகொண்ட விதத்தைக் கண்டு வெட்கி, பொது இடத்தில் தலை வெட்டுவதைக் கைவிட்டது. தண்டனையை விசுவாசிகளில் ஒரு கூட்டத்தார் காணட்டும் என்று அந்நூர் அத்தியாயத்தில் வருகிறதே எனில், அது குறிப்பிட்ட ஒரு குற்றத்துக்கான கசையடியைப் பற்றியது. உயிர் பறிப்பதைக் கூட்டத்துக்குக் காட்சியாக்கும் கட்டளை அன்று. அறுக்கும் பிராணியைக்கூட வதைக்காதீர்கள், கத்தியைக் கூர்மையாக்கிக்கொள்ளுங்கள் என்று கற்பித்த மார்க்கம் இது. இறந்தவரின் உடலைச் சிதைப்பதை அது போர்க்களத்திலும் தடுத்தது.

இன்று நடுச்சந்தி நம் கைபேசிக்குள் வந்துவிட்டது. எங்கோ ஒரு நாட்டில் எவரோ ஒருவரின் தலை வெட்டப்படும் காட்சி வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. ‘இதுதான் நீதி’ என்ற குறிப்போடு மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் பத்துக் குழுக்களுக்குப் போய்விடுகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதை அத்தாவின் கைபேசியில் பார்க்கிறான். அவனுக்குக் குற்றம் தெரியாது, வழக்கு தெரியாது, அந்த மனிதர் இறுதியில் என்ன சொன்னார் என்பதும் தெரியாது. வாள் ஒன்றுதான் தெரிகிறது. ஜனாஸா கடந்து செல்லும்போது அது யூதருடையது எனத் தெரிந்தும் நபியவர்கள் எழுந்து நின்றார்கள் என்பதை அவனுக்கு நாம் எப்போது சொல்லப் போகிறோம்?

நம் குடும்பத்திலேயே இதற்கொரு படிப்பினை இருக்கிறது. நம் பெரியத்தாவின் மகன் வரப்புத் தகராறு ஒன்றில் வெட்டுப்பட்டு மவ்த்தானார். இருபத்தாறு வயது, நிக்காஹ் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வெட்டியவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. உறவினர் பலர், “தூக்கு வாங்கிக் கொடுத்திருக்கணும், மேல்கோர்ட்டுக்குப் போங்க” என்று பெரியத்தாவை உசுப்பினார்கள். அவர் நெடுநேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னார்: “மன்னிக்க எனக்கு இன்னும் மனசு வரலை. அல்லாஹ்கிட்ட அதை மறைக்க முடியாது. ஆனா, அவன் சாகணும்னு கேட்கவும் வாய் வரலை. அவனோட ஆத்தாளும் சந்தையில பூ விக்கத்தான் வருது.” இன்றுவரை அவர் மன்னித்ததாக நாம் அறியவில்லை. மேல்முறையீட்டுக்கும் போகவில்லை.

அந்தப் பதிலை எண்ணும்போதெல்லாம் வஹ்ஷீ (ரலி) அவர்களின் வரலாறு நினைவுக்கு வருகிறது. உஹதில் ஹம்ஸா (ரலி) அவர்களைக் கொன்றவர் அவர். பின்னாளில் இஸ்லாத்தை ஏற்று வந்து நின்றபோது நபியவர்கள் அவரைத் தண்டிக்கவில்லை. ஆயினும், இயன்றால் உம் முகம் எம் கண்ணில் படாதிருக்கட்டும் என்ற பொருளில் கூறினார்கள். துயரம் அப்படியே இருந்தது. பழி மட்டும் இல்லை. மன்னிப்பு என்பது வலியை மறப்பது என்று எண்ணிக்கொண்டு, அது நம்மால் இயலாதென்று விலகுபவர்களுக்கு அந்த வரலாற்றில் இடம் இருக்கிறது. நம் பெரியத்தாவுக்கும் இருக்கிறது.

மன்னிப்பு நடைமுறைக்கு ஒத்துவராது என்போருக்கும் ஒரு சான்று உண்டு. கோழிக்கோட்டைச் சேர்ந்த அப்துல் ரஹீம், தம் பொறுப்பில் இருந்த மாற்றுத்திறனாளிச் சிறுவன் இறந்த வழக்கில் 2006 முதல் ரியாத் சிறையில் மரண தண்டனையை எதிர்நோக்கியிருந்தார். சிறுவனின் குடும்பத்தார் இறுதியில் இழப்பீடு பெற்று விட்டுக்கொடுக்க இசைந்தனர். 2024 ஏப்ரலில் கேரள மக்கள், மதம் பாராமல், 34 கோடி ரூபாய் திரட்டினர். அவ்வாண்டு ஜூலையில் மரண தண்டனை நீங்கியது. ரிசானாவைக் கொன்ற அதே சட்டத்துக்குள்தான் இந்த வாசலும் இருந்தது. வாசலைத் திறக்க மனிதர்கள் வேண்டியிருந்தார்கள்.

ஆகவே சகோதரர்களே, நம்மிடம் ‘உங்கள் மார்க்கம் சொன்னதுதான் சரி’ என்று ஒருவர் பாராட்டினால், கோபித்துக்கொள்ளவும் வேண்டாம், மகிழ்ந்து தலையாட்டவும் வேண்டாம். எங்கள் மார்க்கத்தில் வாரிசுகளில் ஒருவர் மன்னித்தாலே உயிர் தப்பும் என்பதையும், சந்தேகம் இருந்தால் நீதிபதி கையைப் பின்னிழுக்க வேண்டும் என்பதையும் பொறுமையாகச் சொல்வோம். மூதூர்ப் பெண்ணின் கதையையும் சொல்வோம்.

பிள்ளைகளைச் சபர் அனுப்பும் குடும்பத்தார் இன்னும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். கடவுச்சீட்டில் வயதைக் கூட்டியோ குறைத்தோ எழுதும் முகவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். ரிசானாவின் உண்மையான வயதை மறைத்தது அந்த ஒரு தாள்தான். போகும் பிள்ளைக்கு இந்தியத் தூதரகத்தின் தொலைபேசி எண்ணை மனப்பாடம் செய்யக் கற்றுக்கொடுங்கள். புரியாத மொழியில் எழுதிய எந்தத் தாளிலும், யார் மிரட்டினாலும், கையெழுத்திடாதிருக்கச் சொல்லுங்கள். ஜமாஅத் நிர்வாகிகள் ஜும்ஆவுக்குப் பின் இதற்கென்று அரை மணி நேரம் ஒதுக்கினால் பெரும் நன்மையாகும். கொலைக் காட்சிகள் கைபேசிக்கு வந்தால் அது உங்களோடு நிற்கட்டும்.

யா அல்லாஹ், மூதூரின் அந்த மகளுக்கும் தவாத்மியின் அந்தச் சிசுவுக்கும் உன் அருளில் இடம் கொடு. பிள்ளைகளை இழந்த இரு தாய்மாருக்கும் பொறுமையைத் தா. தீர்ப்புச் சொல்லும் நாவுகளை, அவை நீதிமன்றத்தில் இருந்தாலும் நமதூர்க் கடைவீதியில் இருந்தாலும், உன் அச்சத்தால் நிதானப்படுத்து. ஆமீன்.